பிரஷர் உள்ளவர்கள் கிட்னியையும் மூளையையும் சேர்த்துக் காப்பது எப்படி?

"உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்று கிளினிக்கில் சொல்லி மாத்திரை கொடுத்தனுப்பியதும் பலருக்கும் நெஞ்சைப் பற்றிய பயம்தான் முதலில் வருகிறது. அதே அளவு அடி வாங்கும் இன்னும் இரண்டு உறுப்புகள் உண்டு: கிட்னியும் மூளையும். இரண்டுமே வலிக்காமல், சத்தமில்லாமல் கெடுபவை. 2018-இல் மலேசியா முழுக்க நடந்த ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட கிட்னி நோய் இருந்தது; அது தங்களுக்கு இருக்கிறது என்று அறிந்திருந்தவர்களோ அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருப்பவர், மூளையின் ரத்தக் குழாய்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போ வரை போக வேண்டும். போனாலும் பிரஷர் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு குப்பி சிறுநீரை உள்ளூர் கிளினிக்கில் கொடுத்துவிட முடியும். அதில் கசியும் புரதம் கிட்னியின் நிலையைக் காட்டுவதோடு, மூளையின் நுண்குழாய்கள் எப்படி இருக்கக்கூடும் என்பதற்கும் துப்புக் கொடுக்கிறது. பிரஷர் என்று புதிதாகத் தெரிந்துகொண்டவர் மாத்திரைக்கு அடுத்தபடியாகக் கேட்டுப் பெற வேண்டியது இந்தப் பரிசோதனைதான்.

இரண்டுக்கும் ஒரே அடி ஏன்?

ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்கும், ஏழில் ஒரு பங்கு மூளைக்கும் போகிறது. இரவும் பகலும் நிற்காமல் ரத்தம் தேவைப்படுவதால் இந்த இரண்டு உறுப்புகளின் குழாய்களும் எப்போதும் திறந்தே இருக்கின்றன. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கை, கால்களில் பெரிய குழாய் படிப்படியாகக் கிளைத்துச் சிறுக்கும். ரத்தத்தின் வேகமும் அப்படியே தணியும். மூளையின் அடிப்பகுதியிலும் கிட்னியின் உள்பகுதியிலும் மயிரிழை போன்ற குழாய்கள் பெரிய குழாயிலிருந்து நேராகவே பிரிகின்றன. லயத்துக்கு வரும் பெரிய தண்ணீர்க் குழாயிலேயே நேராக ஒரு பைப்பைப் பூட்டினால் அதன் வாஷர் எவ்வளவு சீக்கிரம் தேயுமோ, இங்கேயும் அதே கதைதான்.

வருடக்கணக்கில் இப்படி அடி விழுந்தால் குழாய்ச் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது, அல்லது சுவர் பலவீனப்பட்டுக் கசிகிறது. கிட்னியில் இது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமாக வெளிப்படும். மூளையிலோ கடுகளவு முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரையிலான சிறு அடைப்புப் புண்கள், வெள்ளைப் பகுதியில் படரும் சேதம், பொட்டு பொட்டான ரத்தக் கசிவு என்று பல உருவம் எடுக்கும். கெட்ட கிட்னி உப்பையும் நீரையும் தேக்கி வைத்து பிரஷரை மேலும் ஏற்றிவிடும். அதனால்தான் ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட முடியாது.

முதல் வேலை: பிரஷரைச் சரியாக அளப்பது

தப்பாக அளந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து. மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். மேல்கையில் கட்டுவதையே வாங்குங்கள். வாங்கும் முன் மேல்கையின் நடுப்பகுதியை டேப்பால் சுற்றி அளந்து போங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைதான் பொருந்தும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். இல்லாத பிரஷருக்கு மாத்திரை ஏறிவிடும்.

1. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காப்பி, தே தாரிக், சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள். அதுவே எண்ணைப் பத்துக்கும் மேல் ஏற்றிவிடும்.
2. முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பேச்சும் வேண்டாம், டிவியும் வேண்டாம்.
3. சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் கட்டி, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். தொங்கும் கையில் எண் கூடும்.
4. காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிமிட இடைவெளி விட்டு அளங்கள். நல்ல எண்ணை மட்டும் பொறுக்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள்.
5. இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள்.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால், அது கிளினிக்கில் எடுக்கும் 140/90-க்குச் சமம். முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து, எந்தக் கை கூடுதலாகக் காட்டுகிறதோ அதிலேயே தொடருங்கள். சிறுநீரில் புரதம் கசிபவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் 130/80-க்குக் கீழே இறக்கப் பார்ப்பார்கள். எழுந்து நின்றால் தலைசுற்றும் முதியவருக்கு இலக்கைத் தளர்த்துவதும் உண்டு. உங்கள் இலக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேட்டு, கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

180/120 காட்டினால் பதறாமல் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே கிளினிக்குப் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பம், கை கால் இழுப்பு ஏதாவது சேர்ந்திருந்தால் 999. வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு எண்ணை மளமளவென்று இறக்கப் பார்க்காதீர்கள். உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு திடீரென்று ரத்தம் குறைந்தால் அதுவே பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். சும்பங்கான் துனாய் ரஹ்மா உதவி பெறுபவரும் அவருடைய துணையும் 40 வயது நிரம்பியவராக இருந்தால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். ரத்தத்தில் கிட்னிப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் அதில் அடக்கம்.

முதலாவது, ரத்தத்தில் கிரியேட்டினின். அந்த எண்ணை மட்டும் பார்த்து "நார்மல்தான்" என்று வீடு திரும்பிவிடக் கூடாது. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; கிட்னிதான் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. 100 மைக்ரோமோல் என்ற அதே அளவு, 30 வயது ஆணுக்கு ஏறத்தாழ 90 என்ற வடிகட்டும் திறனைக் காட்டும். 65 வயதுப் பெண்ணுக்கு 54 அளவில்தான் காட்டும். முன்னவர் நலம், பின்னவரின் கிட்னி பாதித் திறனை நெருங்கிவிட்டது. ஆகவே இந்த வடிகட்டும் திறனைச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். எத்தனை என்று கேளுங்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட கிட்னி நோய். 30-க்குக் கீழே போனால் நிபுணர் பார்க்க வேண்டும். 15-க்குக் கீழே போவதுதான் டயாலிசிஸ் பற்றிப் பேசும் கட்டம்.

இரண்டாவது, சிறுநீரில் ஆல்புமின். சோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்து நிறம் பார்ப்பது முதல் சல்லடை. ஆரம்பக் கசிவு அதில் பிடிபடாமலும் போகும். ஆல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிடும் ஏ.சி.ஆர். அளவுதான் நம்பகமானது. 3-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3 முதல் 30 வரை மிதமான கசிவு, 30-க்கு மேல் கடுமையானது (மில்லிமோலுக்கு மில்லிகிராம் கணக்கில், வேறு அலகில் எழுதும் ஆய்வுக்கூடங்களில் இதே எல்லைகள் 30, 300 என்று வரும்). ஈ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்போதே ஏ.சி.ஆர். ஏறத் தொடங்கலாம். அப்படி ஏறியவர்களுக்குப் பக்கவாதமும் மறதி நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். இந்த ஒரு எண்ணுக்காக கவுண்டரில் இன்னொரு தடவை கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில், தொடக்கத்தை விட்டு நடுப்பகுதியைப் பிடியுங்கள். காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, மாதவிலக்கு இருக்கும்போதும், முந்தின நாள் செம்பனைக் குலை வெட்டி உடம்பு முறிய உழைத்திருந்தாலும் கசிவு பொய்யாகக் கூடிக் காட்டலாம். அதனால் ஒரே முடிவை வைத்துப் பயப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்து, மூன்றில் இரண்டு தடவை உயர்ந்திருந்தால்தான் உறுதி.

ரத்தம் எடுக்கும் நாளில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அங்கே பிரஷர் எகிறும். "மருந்து போதவில்லை" என்று இன்னொரு மாத்திரை சேரும். வேறுவிதமாகச் சொல்லாதவரை பிரஷர் மாத்திரையை வெறும் தண்ணீரோடு வழக்கம்போல் போடுங்கள். இனிப்பு நீர் மருந்தை மட்டும் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரைகள்

அம்லோடிபின், பெரின்டோபிரில், லோசார்ட்டான், ஹைட்ரோகுளோரோதையசைட் ஆகியவை அதிகம் கைக்கு வருபவை. சிறுநீரில் புரதம் கசிந்தால் பெரின்டோபிரில் அல்லது லோசார்ட்டான் வகைக்குத் தனி மதிப்பு உண்டு: பிரஷரைக் குறைப்பதோடு, கிட்னியின் வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் இறக்கிக் கசிவைக் குறைக்கும். இதைத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை ஏறினாலும் பொதுவாக மருந்தைத் தொடர்வார்கள். "மாத்திரையால் கிட்னி போச்சு" என்று பாதியில் நிறுத்துபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பெரின்டோபிரிலால் வறட்டு இருமல் வந்தால் லோசார்ட்டானுக்கு மாற்றித் தருவார்கள். உதடோ நாக்கோ வீங்கினால் உடனே அவசரப் பிரிவு. கர்ப்பமாக இருப்பவரும், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவரும் இந்த இரண்டையும் எடுக்கக் கூடாது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குவது உண்டு. அதைக் கிட்னி வீக்கம் என்று தாமாகவே முடிவுகட்ட வேண்டாம், காட்டிக் கேளுங்கள்.

காலையிலா இரவிலா என்ற கேள்விக்குப் பதில் 2022-இல் வந்தது. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் இரண்டிலும் வேறுபாடு இல்லை. விடியுமுன் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) போகிறவர் இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். மறக்காத நேரமே நல்ல நேரம்.

பிரஷரை நன்றாக இறக்குவது மூளைக்கு உதவுமா? 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மேல் எண் 120-க்குக் கீழும் மற்றப் பகுதிக்கு 140-க்குக் கீழும் இலக்கு வைத்தார்கள். 2019-இல் வந்த தொடர் முடிவில், இறக்கமான இலக்கு உள்ளவர்களுக்கு லேசான நினைவுத் தடுமாற்றம் குறைவாக வந்தது. மூளையின் வெள்ளைப் பகுதிச் சேதமும் மெதுவாகவே கூடியது. முழு மறதி நோய் குறைந்ததாக அதில் உறுதிப்படவில்லை. இனிப்பு நீர் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவும் இல்லை. 120 எல்லோருக்குமான எண் அல்ல. ஆனால் "150 எனக்குப் பழகிப்போச்சு" என்பது நிச்சயம் தவறு.

ஈப்போ மருத்துவமனையில் மருந்து எழுதப்பட்டவர்கள் ஒவ்வொரு மாதமும் அங்கே ஓட வேண்டியதில்லை. எஸ்.பி.யு.பி. முறையில் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே தொடர் மருந்தை வாங்கலாம். மருந்தகக் கவுண்டரில் கேளுங்கள். பஸ் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு மாத மருந்து விட்டுப்போகக் கூடாது.

கிட்னியை அவசரமாகக் கெடுப்பவை

குலை வெட்டி, பழம் பொறுக்கி, மரம் சீவி, முட்டியும் இடுப்பும் தேய்ந்தவர்கள் நிறைந்த ஊர்களில் கிட்னிக்குப் பெரிய எதிரி வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் (பொன்ஸ்டான்), ஐபுப்ரோஃபென், நாப்ரொக்சன் ஆகியவை கிட்னிக்குள் ரத்தம் போகும் வழியைச் சுருக்குகின்றன, உப்பைத் தேக்கி பிரஷரையும் ஏற்றுகின்றன. பெரின்டோபிரில் அல்லது லோசார்ட்டான், கூடவே ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற நீர் மாத்திரை, அதற்கு மேல் இந்த வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் வெயிலில் வேலை செய்து நீர் வற்றிய உடம்பில் கிட்னி சில நாளிலேயே முடங்கலாம். தனியார் கிளினிக்கில் வலிக்கு மருந்து வாங்கும்போது "எனக்குப் பிரஷர், கிட்னியும் பார்க்கிறார்கள்" என்று முதலில் சொல்லுங்கள். பாரசிட்டமோல் சொன்ன அளவில் போதும். பூசும் தைலம், வெந்நீர் ஒத்தடம் இருக்கின்றன.

பசார் மாலாமில் விற்கும் ஜாமு, முட்டி வலிக்கான உருண்டை, "இரண்டே நாளில் குணம்" காப்பிப் பொட்டலம் ஆகியவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மருந்தென்று விற்கப்படுவதில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லையென்றால் தொடாதீர்கள். நாட்டு மருந்து எதை எடுத்தாலும் பொட்டலத்தோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தைக் கிட்னி பலவீனமானவர்கள் சாப்பிடவே கூடாது. பிரஷருக்கு நல்லது என்று அதன் சாற்றைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள காராம்பொக்சின் என்ற நச்சை நல்ல கிட்னி வெளியேற்றிவிடும்; பலவீனமான கிட்னியால் முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று நேராக மூளையைத் தாக்கி உயிரையே எடுத்திருக்கிறது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீரே தங்காத நாளில் கிளினிக்குக்கு போன் போட்டு, பெரின்டோபிரில், லோசார்ட்டான், நீர் மாத்திரை, இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் இவற்றை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேளுங்கள். சாப்பிடத் தொடங்கியபின் மறுபடி ஆரம்பிக்க மறக்கக் கூடாது.

சமையலறை உப்பு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டிக்குள்; சாஸில் வருவதும் சேர்த்துத்தான். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் கணக்கு. உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஒரு கிலோ ஒரு மாதத்தில் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கருவாடு, நெத்திலி, பெலாச்சான், கீச்சாப், ஊறுகாய், அப்பளம், அஜினோமோட்டோ எல்லாம் தனி வரவு. பொட்டலத்தில் சோடியம் 1,600 மில்லிகிராம் என்றிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள்: 4 கிராம் உப்பு. ஒரே மெகி மீயில் நாள் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் தூளில் பாதியைக் கொட்டிவிடுங்கள்.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டினாலும் உப்பு முழுதாக இறங்காது. வாரத்தில் ஒருநாள் என்று குறைப்பதே சரி. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். "குறைந்த சோடிய உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி பலவீனமானவர்களும் பெரின்டோபிரில், லோசார்ட்டான் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இளநீர், வாழைப்பழம் பற்றிய தடை, பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

மூளையைக் கவனிப்பது, அவசரத்தில் செய்வது

நுண்குழாய்ச் சேதம் எப்போதும் கை கால் விழுந்து வருவதில்லை. நடை சிறுசிறு அடியாகச் சுருங்குவது, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் வருவது, கடைக் கணக்கில் தடுமாறுவது, எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் ஓடுவது. "வயசாச்சு" என்று இவற்றைத் தள்ளிவிடாமல், அப்பாவோ அம்மாவோ மருந்துக்குப் போகும்போது கூடப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். சத்தமான குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று வருவதும் இரவு பிரஷரை ஏற்றுபவை. அதையும் சொல்ல வேண்டும்.

திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், அந்த நிமிடமே 999. குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்தான். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதில் சேர்த்தி. சிறு ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் சி.டி. ஸ்கேன் இல்லை, ஆகவே எங்கே கொண்டுபோவது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் அன்றைக்கே போக வேண்டும். பெரிய பக்கவாதம் அடுத்த சில நாளில் வருவது அதிகம். விரல் நுனியில் ஊசி குத்துவது, எண்ணெய் தேய்ப்பது, காப்பி கொடுப்பது, ஆஸ்பிரின் போடுவது எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் தண்ணீரும் நுரையீரலுக்குப் போகும். ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொல்லும்வரை ஆஸ்பிரின் ஆபத்து.

தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் வழி தவறுவது சகஜம். மெயின் ரோட்டில் எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், கோயில், பள்ளி, ஆபீஸ் எது அடையாளம், எந்தக் கேட் பூட்டியிருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி போன் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். ஒருவர் மோட்டாரில் போய்ச் சந்திப்பில் நிற்கட்டும். கிளினிக் புத்தகம், எல்லா மருந்தும் ஒரே பையில், கடைசியாக எடுத்த ஈ.ஜி.எஃப்.ஆர். எண், இவற்றோடு, நோயாளியைக் கடைசியாக நலமாகப் பார்த்தவர் கூடவே ஏற வேண்டும். "எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதுதான் அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி.